தரைமட்ட ஓசோனும் பயிர் விளைச்சலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பயிர் குன்றினால் மண்ணையும் நீரையும் விதையையும் பூச்சியையும் ஆராய்வது வழக்கம். காற்றை யாரும் விசாரிப்பதில்லை. காற்றிலுள்ள ஓசோன் பயிரை என்ன செய்கிறது, அந்த இழப்பு எப்படி அளக்கப்படுகிறது என்பவற்றைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. கங்கைச் சமவெளியின் கோதுமையே பெரும்பாலும் எடுத்துக்காட்டாக வருகிறது. இந்தியாவில் அதிகம் ஆராயப்பட்ட பயிர்களுள் அது ஒன்று.

ஓசோன் பூமியைக் காக்கும் படலம் அல்லவா? அது எப்படிப் பயிருக்குப் பகையாகும்?

இரண்டும் ஒரே வாயுதான். இருக்கும் இடம்தான் வேறு. வளிமண்டலத்தின் ஓசோனில் ஏறத்தாழ 90 விழுக்காடு மேலே, அடுக்கு மண்டலத்தில் இருந்துகொண்டு சூரியனின் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கிறது. 1987-இன் மான்ட்ரியல் ஒப்பந்தம் காப்பாற்ற முனைந்தது அந்த ஓசோனைத்தான். நாம் சுவாசிக்கும் உயரத்தில், பயிரின் இலைகளுக்கு நடுவே கலந்திருப்பது எஞ்சிய சிறு பகுதியைச் சேர்ந்தது. ஓசோன் கடுமையான ஆக்சிஜனேற்றி. உயிருள்ள திசுவைத் தொட்டால் அதைச் சிதைக்கும். மேலே உள்ள படலம் மெலிவதும் கீழே உள்ள ஓசோன் கூடுவதும் தனித்தனிச் சிக்கல்கள் என்பதால், ஒன்றைத் தீர்த்தால் மற்றொன்று தீர்ந்துவிடாது.

ஓசோனை எந்த ஆலையும் வெளியிடுவதில்லை என்கிறார்களே, பிறகு அது வயலுக்கு எப்படி வருகிறது?

அது காற்றிலேயே உருவாகிறது. வாகனங்கள், அனல்மின் நிலையங்கள், செங்கல் சூளைகள் ஆகியவற்றிலிருந்து வரும் நைட்ரஜன் டை ஆக்சைடு வெயிலில் உடைந்து, அதிலிருந்து பிரியும் ஆக்சிஜன் அணு காற்றிலுள்ள ஆக்சிஜன் மூலக்கூற்றுடன் சேர்ந்து ஓசோன் ஆகிறது. உடைப்பில் மிஞ்சும் நைட்ரிக் ஆக்சைடு அந்த ஓசோனை மீண்டும் அழித்துவிடும் என்பதால், இதோடு நின்றால் கவலையில்லை. ஆனால் பெட்ரோல் ஆவி, வர்ணக் கரைப்பான்கள், விறகுப் புகை, மரங்கள் விடும் ஐசோப்ரீன் போன்ற ஆவியாகும் கரிமச் சேர்மங்களும் மீத்தேனும் காற்றில் இருந்தால், அவை வெயிலில் வினைபுரிந்து நைட்ரிக் ஆக்சைடை வேறு வழியில் டை ஆக்சைடாக மாற்றிவிடுகின்றன. ஓசோனை அழிக்க ஆளில்லாமல் போய், அது சேர்ந்துகொண்டே போகிறது.

நகரத்தைவிட அதைச் சுற்றியுள்ள கிராமத்தில் ஓசோன் கூடுதலாக இருப்பதற்கும் இதுவே காரணம். நெரிசல் மிகுந்த சாலையில் புதிதாக வெளிவரும் நைட்ரிக் ஆக்சைடு ஓசோனை உண்டுவிடுகிறது. காற்று நகரத்தைக் கடந்து வெயிலில் சில மணி நேரம் பயணம் செய்து வயல்வெளிக்கு வரும்போது, அழிக்கும் பொருள் தீர்ந்து ஓசோன் மிஞ்சி நிற்கிறது. புகை எழுப்பியவர் ஒருவர், விளைச்சல் இழப்பவர் வேறொருவர் என்ற நிலை இங்கே வேதியியலிலேயே அமைந்திருக்கிறது. இத்தனைக்கும் நம் கண்காணிப்பு நிலையங்கள் பெரும்பாலும் நகரங்களில்தான் இருக்கின்றன.

இலைக்குள் நுழைந்த பிறகு ஓசோன் என்ன செய்கிறது?

இலையின் மேல்தோலில் மெழுகுப் பூச்சு இருப்பதால் ஓசோன் அதன் வழியே அதிகம் புகுவதில்லை. கரியமில வாயுவை உள்ளே எடுக்கவும் நீராவியை வெளியேற்றவும் செடி திறந்து வைத்திருக்கும் இலைத்துளைகள் வழியாகத்தான் அது நுழைகிறது. உள்ளே சென்றதும் செல் சுவரை ஒட்டிய ஈரப்படலத்தில் கரைந்து, கணப்பொழுதில் சிதைந்து, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் வடிவங்களைத் தோற்றுவிக்கிறது. அந்த ஈரப்படலத்தில் அஸ்கார்பிக் அமிலம், அதாவது வைட்டமின் சி, முதற்காவலாக நிற்கிறது. காவல் தாங்கும் அளவுக்குள் ஓசோன் வந்தால் சேதமில்லை. அதை மீறி வந்தால் செல் சவ்வுகள் பழுதடைகின்றன.

பிறகு நிகழ்பவற்றை இரண்டாகப் பிரித்துப் பார்க்கலாம். அளவு மிகுந்து சில மணி நேரத்திலேயே தாக்கினால், செல்கள் கூட்டமாக மடிந்து இலையில் புள்ளிகள் விழுகின்றன. அளவு மிதமாக இருந்து நாள்தோறும் தொடர்ந்தால் புள்ளிகள் இல்லாமலே இழப்பு ஏற்படுகிறது, விளைச்சலைப் பொறுத்தவரை இதுவே முக்கியமானது. கரியமில வாயுவைப் பிடித்து வைக்கும் ரூபிஸ்கோ நொதி குறைகிறது, பச்சையம் சிதைகிறது, இலை உரிய காலத்துக்கு முன்பே முதிர்ந்து பழுக்கிறது. வருமானத்தில் ஒரு பகுதி வைத்தியத்துக்கே போய்விடும் குடும்பத்தைப் போல, செடி தான் தயாரித்த மாவுப்பொருளின் ஒரு பங்கைப் பழுதுபார்க்கவும் எதிர்ப்புப் பொருள்களை உண்டாக்கவும் செலவிடுகிறது. வேருக்குப் போகும் பங்கு குறைகிறது. வேர் சிறுத்தால் வறட்சியைத் தாங்கும் திறனும் குறைகிறது.

கோதுமையில் இது எங்கே தெரியும் என்றால், கதிருக்கு அடுத்துள்ள கண்ணாடி இலையில் தெரியும். மணியில் சேரும் மாவின் பெரும்பங்கு அந்த இலையும் அதற்கு அடுத்த இலைகளும் பால்பிடிப்பிலிருந்து முதிர்ச்சிவரை உழைப்பதால் வருவது. அது சில நாள்கள் முன்னதாகவே மஞ்சளானால், கதிர்களின் எண்ணிக்கை குறையாது, வைக்கோலும் ஏறத்தாழ அப்படியே இருக்கும்; மணிகள் மட்டும் சுருங்கி, ஆயிரம் மணி எடை குறைந்துவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் வயல் நன்றாகவே இருக்கும்.

என் பயிரில் ஓசோன் பாதிப்பு இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியுமா?

சில பயிர்களில், ஓரளவுக்கு. அவரைக் குடும்பச் செடிகள், உருளைக்கிழங்கு, புகையிலை, திராட்சை ஆகியவற்றின் முதிர்ந்த இலைகளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால், மேற்பரப்பில் ஊசி முனை அளவில் பழுப்பு, ஊதா அல்லது வெண்ணிறப் புள்ளிகள் நெருக்கமாக இருக்கும். அவை நரம்புகளுக்கு இடையே இருக்கும். நரம்பின் மேல் இருக்காது. இலையின் அடிப்புறம் பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். ஓர் இலை மற்றொன்றின் மேல் நிழல் விழுத்தியிருந்தால், நிழல் பட்ட பகுதி பச்சையாகவே தங்கியிருக்கும்.

செஞ்சிலந்தியும் இதே போன்ற வெளிர்புள்ளிகளை உண்டாக்கும். ஆனால் அடிப்புறத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் பூச்சியோ அதன் நூலாம்படையோ தெரியும். மக்னீசியக் குறைபாட்டில் புள்ளியாக இல்லாமல் நரம்பிடை முழுவதும் பட்டையாக வெளிறும். பூஞ்சாணப் புள்ளிகளுக்குப் பொதுவாக விளிம்போ வளையமோ இருக்கும். அவை நரம்பையும் விட்டுவைக்காது.

இவ்வளவு சொன்ன பிறகும் ஓர் எச்சரிக்கை தேவை. புள்ளி இல்லை என்பதால் இழப்பு இல்லை என்று முடிவு செய்யக் கூடாது. கோதுமையிலும் நெல்லிலும் ஓசோனால் வரும் முன்முதிர்ச்சி, இயல்பாகப் பயிர் பழுப்பதைப் போலவே தோன்றும். அருகிலேயே ஓசோன் நீக்கிய காற்றில் வளர்ந்த அதே ரகம் இருந்தால் ஒழிய, அதைக் கண்ணால் பிரித்தறிய இயலாது.

இது எப்போது கண்டறியப்பட்டது?

1940-களில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரைச் சுற்றியிருந்த கீரை வயல்களில் இலைகள் வெள்ளிப் பூச்சுப் போல மினுங்கிக் கருகின. நிலக்கரிப் புகைக்கு உரிய அறிகுறிகளாக அவை இல்லை. 1950-களின் தொடக்கத்தில், கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர், பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் டை ஆக்சைடும் வெயிலில் வினைபுரிந்தே அந்தப் புகைமூட்டம் உருவாகிறது என்று காட்டினார். அதற்கு முன் அவர் அன்னாசிப்பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்தவர். ஆனால் அந்த வெள்ளிப் பூச்சுக்குப் பெரும்பாலும் காரணம் புகைமூட்டத்தில் இருந்த வேறொரு சேர்மம் என்பது பின்னர் தெளிவாயிற்று. ஓசோனின் தனிக் கைரேகை 1958-இல் திராட்சை இலையிலும், 1959-இல் அமெரிக்கக் கிழக்குப் பகுதியின் புகையிலையிலும் அடையாளம் காணப்பட்டது. அதுவரை புகையிலை விவசாயிகள் அதை வானிலையால் வரும் புள்ளிநோய் என்றே அழைத்துவந்தனர். அப்போது தேர்ந்தெடுக்கப்பட்ட பெல்-டபிள்யூ3 என்ற புகையிலை ரகம், ஓசோனைக் காட்டிக்கொடுக்கும் செடியாக இன்றும் பயன்படுகிறது.

கண்ணுக்குத் தெரியாத இழப்பை எப்படி அளக்கிறார்கள்?

மேல்திறந்த கூண்டு என்பது பழைய முறை. 1980 முதல் 1987 வரை அமெரிக்காவில் நடந்த தேசியப் பயிரிழப்பு மதிப்பீட்டுத் திட்டத்தில் இது பரவலாகக் கையாளப்பட்டது. ஏறத்தாழ 3 மீட்டர் விட்டமுள்ள வட்டச் சட்டத்தைச் சுற்றி ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளைக் கட்டி, மேற்புறத்தைத் திறந்து விட்டு, அடியிலிருந்து விசிறி மூலம் காற்றைச் செலுத்துவார்கள். ஒரு கூண்டில் கரி வடிகட்டியால் ஓசோன் நீக்கிய காற்று, மற்றொன்றில் வெளிக்காற்று, வேறு சிலவற்றில் கூடுதல் ஓசோன் கலந்த காற்று என்று வைத்து, அறுவடையை ஒப்பிடுவார்கள். கூண்டுக்குள் வெப்பம் சற்றுக் கூடும், காற்றின் ஓட்டமும் இயற்கையானதல்ல என்பது இதன் குறை. மேலும் கரி வடிகட்டி ஓசோனை மட்டுமல்லாமல் வேறு சில மாசுகளையும் பிடித்துவிடும். லாகூர் அருகே 1990-களில் நடந்த கூண்டுச் சோதனைகளில், வெளிக்காற்றில் வளர்ந்த கோதுமையும் நெல்லும் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைவாக விளைந்தன. அதை முழுவதும் ஓசோனின் கணக்கில் எழுதுவதற்கு முன் இந்தக் குறையை நினைவில் கொள்ள வேண்டும்.

கூண்டே இல்லாமல், திறந்த வயலில் வளையமாகக் குழாய்களை அமைத்து, காற்று வரும் திசையைப் பார்த்து ஓசோனை விடுவது புதிய முறை. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சோயா வயலில் 2002, 2003 ஆகிய ஆண்டுகளில் இவ்வாறு ஓசோனை ஏறத்தாழ 23 விழுக்காடு உயர்த்தியபோது, விளைச்சல் சராசரியாக 20 விழுக்காடு குறைந்தது. கூண்டுகள் இழப்பை மிகைப்படுத்துகின்றன என்ற ஐயம் அதன் பிறகு பெரிதும் அடங்கியது.

மின்சாரமும் பணமும் குறைந்த இடங்களுக்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு. எத்திலீன் டையூரியா என்ற வேதிப்பொருளைச் செடிக்குக் கொடுத்தால், அது ஓசோனின் பாதிப்பிலிருந்து காக்கிறது. வயலில் பாதிக்கு அதைக் கொடுத்து, மறுபாதியோடு ஒப்பிட்டால் வெளிக்காற்றின் பாதிப்பு தெரிந்துவிடும். வாரணாசியில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைக் கோதுமை, பயறு வகைகள் முதலியவற்றில் நீண்ட காலமாகப் பயன்படுத்திவருகின்றனர். இது ஆய்வுக் கருவிதான். வயலுக்கு வாங்கித் தெளிக்கும் மருந்து அல்ல.

எவ்வளவு ஓசோன் இருந்தால் பயிருக்குக் கேடு?

காற்றின் நூறு கோடிப் பங்கில் எத்தனை பங்கு ஓசோன் என்பதை பிபிபி என்ற அலகால் குறிக்கிறார்கள். பாரிஸ் அருகே மோன்சூரி ஆய்வகத்தில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அளந்தபோது சராசரி ஏறத்தாழ 10 பிபிபி அளவிலேயே இருந்தது. இன்று வட அரைக்கோளத்தில் மாசு மூலங்களிலிருந்து விலகிய இடங்களிலேயே 30 முதல் 40 வரை காணப்படுகிறது.

பயிருக்கு ஐரோப்பாவில் வகுத்த கணக்கு ஒன்று எளிமையானது. பகல் வெளிச்சமுள்ள ஒவ்வொரு மணி நேரத்திலும் 40 பிபிபிக்கு மேல் எவ்வளவு இருக்கிறதோ அதை மட்டும் கூட்டிக்கொண்டே வர வேண்டும். ஒரு மணி நேரத்தில் 62 இருந்தால் 22 சேரும். 38 இருந்தால் ஒன்றும் சேராது. மூன்று மாதப் பயிர்க்காலத்தில் இந்தக் கூட்டுத்தொகை 3,000-ஐ எட்டினால், கோதுமையில் 5 விழுக்காடு இழப்பு ஏற்படும் என்று கொள்ளப்படுகிறது.

இதை இந்தியாவின் காற்றுத் தர வரம்போடு வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. 2009-ஆம் ஆண்டு வரம்பின்படி 8 மணி நேரச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம். அது ஏறத்தாழ 50 பிபிபி. ஒரு வயலில் நாள்தோறும் 8 மணி நேரம் மிகச் சரியாக இந்த அளவே இருப்பதாக வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு 80 சேர்ந்து, 38-ஆம் நாளில் 3,000-ஐத் தாண்டிவிடும். சட்டப்படி காற்று ஒருநாள்கூட மாசுபடாமல் இருந்தும் பயிர் இழப்பைச் சந்திக்கும். அந்த வரம்பு மனிதரின் நுரையீரலை எண்ணி வகுக்கப்பட்டது என்பதே காரணம்.

இந்தக் கணக்குக்கும் ஒரு பலவீனம் உண்டு. காற்றில் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, இலைத்துளை வழியே எவ்வளவு உள்ளே போகிறது என்பதே செடிக்கு முக்கியம். வறண்ட மண்ணில் துளைகளை மூடிக்கொண்டு நிற்கும் பயிருக்கு 70 பிபிபி காற்றும் அதிகம் சேதம் செய்யாது. நன்றாக நீர் பாய்ச்சிய பயிரோ 50-லேயே கூடுதலாக உறிஞ்சிவிடும். ஆகவே இப்போது இலைக்குள் சென்ற அளவையே மதிப்பிடும் முறைகள் முதன்மை பெற்றுவருகின்றன.

கங்கைச் சமவெளியின் கோதுமை ஏன் குறிப்பாகப் பாதிக்கப்படுகிறது?

பருவம் அப்படி அமைந்துவிட்டது. நவம்பரில் விதைத்த பயிர் தூர் கட்டும் டிசம்பர், சனவரி மாதங்களில் பனிமூட்டம் வெயிலை மறைப்பதால் ஓசோன் குறைவாகவே உருவாகிறது. பிப்ரவரி கடைசியில் மூட்டம் விலகி வெயில் ஏற ஏற ஓசோனும் ஏறுகிறது. அதே மார்ச் மாதத்தில்தான் கதிர் பால்பிடித்து மணி முற்றுகிறது. நகரங்களும் மின் நிலையங்களும் சூளைகளும் விறகடுப்புகளும் செறிந்த சமவெளி இது; அங்கே சேரும் மாசு எளிதில் கலைந்துபோகாதபடி வடக்கே இமயமலை மறித்து நிற்கிறது. பஞ்சாபிலும் ஹரியானாவிலும் மேற்கு உத்தரப் பிரதேசத்திலும் கோதுமைக்குப் பாசனம் உறுதியாக இருப்பதால், இலைத்துளைகள் தாராளமாகத் திறந்திருக்கின்றன. அதிக விளைச்சலுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நவீன ரகங்கள் பலவற்றில் வாயுப் பரிமாற்றம் பழைய ரகங்களைவிடக் கூடுதல் என்பதும் சேர்ந்துகொள்கிறது. எந்தக் குணம் விளைச்சலைக் கூட்டியதோ, அதுவே ஓசோனுக்கும் கதவைத் திறக்கிறது.

இந்தியாவின் இழப்பு எவ்வளவு? ஆய்வுக்கு ஆய்வு எண்கள் ஏன் மாறுகின்றன?

புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட குழு 2014-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2005-ஆம் ஆண்டில் ஓசோனால் இழந்த கோதுமை ஏறத்தாழ 35 லட்சம் டன். நெல்லில் 21 லட்சம் டன். இந்த இழப்பு 9.4 கோடி மக்களின் தேவைக்குப் போதுமான தானியம் என்று அவர்கள் கணக்கிட்டனர். விழுக்காட்டில் கோதுமைக்கு இது ஏறத்தாழ 5.

அதே 2014-இல் ஜெனிபர் பர்னியும் வீரபத்ரன் ராமநாதனும் வெளியிட்ட ஆய்வு, 2010-இல் இந்தியாவின் கோதுமை விளைச்சல், இருந்திருக்க வேண்டியதைவிட 36 விழுக்காடு வரை குறைவு என்றது. ஐந்துக்கும் முப்பத்தாறுக்கும் உள்ள இடைவெளியைக் கண்டு இரண்டில் ஒன்று பொய் என்று எண்ண வேண்டியதில்லை. அவை வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். முதலாவது, ஓசோனை மட்டும் எடுத்து, வேறு நாடுகளின் சோதனைகளில் கிடைத்த தொடர்பை இந்தியக் காற்றுக்குப் பொருத்தியது. இரண்டாவது, பல ஆண்டு விளைச்சல் புள்ளிவிவரங்களில் வெப்பநிலை, மழை, வெயிலைத் தடுக்கும் புகைக்கரி, ஓசோன் ஆகிய அனைத்தின் பங்கையும் சேர்த்துத் தேடியது. தெளிந்த, வெப்பமான நாளில்தான் ஓசோனும் உயர்கிறது என்பதால், புள்ளிவிவரத்தில் வெப்பத்தின் குற்றத்தையும் ஓசோனின் குற்றத்தையும் பிரிப்பது கடினம். என் கணிப்பில், முதல் எண்ணைக் கீழ்வரம்பாகவும் இரண்டாவதை எச்சரிக்கையாகவும் கொள்வது தகும்.

உலக அளவில், 2010–2012 காலத்துக்கு இலைக்குள் சென்ற ஓசோனை வைத்துக் கணக்கிட்ட ஆய்வு ஒன்று சோயாவில் 12.4, கோதுமையில் 7.1, மக்காச்சோளத்தில் 6.1, நெல்லில் 4.4 விழுக்காடு இழப்பு என்று மதிப்பிட்டது.

நெல்லுக்கு ஆபத்து குறைவா?

கோதுமையைவிடக் குறைவு, இல்லை என்று சொல்ல முடியாது. மழைக்காலத்தில் மேகமும் மழையும் ஓசோன் உருவாவதைத் தடுப்பதால், பருவமழையில் வளரும் நெல் இயல்பாகவே ஓரளவு தப்பிக்கிறது. கோடையில் பாசனத்தில் வளரும் நெல்லுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ரகமும் முக்கியம். சீனாவின் ஜியாங்சு மாகாணத்தில் திறந்த வயலில் ஓசோனை உயர்த்திச் சோதித்தபோது, வீரிய ஒட்டு ரகங்கள் இரண்டு 15 விழுக்காட்டுக்கும் மேல் விளைச்சலை இழந்தன. அருகிலேயே இருந்த சாதாரண ரகங்களில் குறிப்பிடத்தக்க இழப்பு இல்லை. கசலத் என்ற பழைய நெல் ரகத்தில் ஓசோனைத் தாங்கும் மரபணுப் பகுதிகள் இருப்பது ஜப்பானிய ரகமான நிப்பான்பாரேயுடன் ஒட்டுச் சேர்த்து நடத்திய ஆய்வுகளில் தெரியவந்தது.

மற்ற பயிர்கள்?

பயறு வகைகள், சோயா, பருத்தி, வெங்காயம், தக்காளி, தர்பூசணி ஆகியவை எளிதில் பாதிக்கப்படுபவை. உருளைக்கிழங்கு, மக்காச்சோளம், திராட்சை நடுத்தரம். வாற்கோதுமை நன்றாகவே தாங்கும். கோதுமையின் நெருங்கிய உறவு இப்படி வேறுபடுவது ஏன் என்பது ஆய்வாளர்களுக்கு ஈர்ப்புள்ள கேள்வி.

விளைச்சல் மட்டும்தான் குறையுமா, தரமும் மாறுமா?

மாறும். கோதுமை மணியில் மாவுப்பொருள் குறைவதால் புரதத்தின் விழுக்காடு கூடுதலாகத் தெரியும். இதை நன்மை என்று எண்ணிவிடக் கூடாது. ஏக்கருக்குக் கிடைக்கும் மொத்தப் புரதம் குறைந்தே போகிறது.

காற்றில் கரியமில வாயு கூடுவதால் இந்த இழப்பு ஈடாகிவிடாதா?

ஓரளவு ஈடாகலாம். கரியமில வாயு மிகுந்தால் இலைத்துளைகள் சற்று ஒடுங்குகின்றன. ஓசோன் நுழைவதும் குறைகிறது. ஆனால் வெப்பம் உயரும்போது ஓசோனை உருவாக்கும் வினைகளும், மரங்கள் விடும் ஐசோப்ரீனும் வேகம் பெறுகின்றன. ஒன்றை மற்றொன்று சரிக்கட்டிவிடும் என்று நம்பித் திட்டமிடுவது விவேகமாகாது.

விவசாயி என்ன செய்ய முடியும்?

நேர்மையாகச் சொன்னால், மிகக் கொஞ்சம். ஓசோனை வயலில் தடுத்து நிறுத்தும் மருந்து எதுவும் பரிந்துரையில் இல்லை. ஓசோன் உயரும் நாள்களில் நீரைக் குறைத்தால் இலைத்துளைகள் மூடி அது நுழையாது என்பது கோட்பாட்டளவில் உண்மை. மார்ச் மாதத்தில் மணி முற்றும் கோதுமைக்கு நீரை நிறுத்தினால் ஓசோன் செய்வதைவிடப் பெரிய சேதத்தை நாமே செய்தவர்கள் ஆவோம். காலத்தில் விதைத்து, மணி முற்றும் பருவம் ஏப்ரலுக்குத் தள்ளிப்போகாமல் பார்த்துக்கொள்வது, வெப்பத்துக்காக ஏற்கெனவே சொல்லப்படும் அறிவுரை; அது ஓசோனுக்கும் பொருந்தும். உண்மையான வாய்ப்பு ரகத் தேர்வில் இருக்கிறது. நோயையும் வறட்சியையும் உப்பையும் தாங்குமா என்று சோதித்து ரகங்களை வெளியிடுகிறோம். ஓசோனைத் தாங்குமா என்று சோதிப்பது வழக்கமான பட்டியலில் இன்னும் இடம்பெறவில்லை.

எந்த மாசைக் குறைத்தால் ஓசோன் குறையும்?

இதுதான் சிக்கலான இடம். நைட்ரஜன் ஆக்சைடை (நைட்ரிக் ஆக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு இரண்டையும்) மட்டும் குறைத்தால், நகர மையத்தில் ஓசோன் சில காலம் கூடக்கூடும். 2020-ஆம் ஆண்டு ஊரடங்கில் வாகனங்கள் நின்றபோது உலகின் பல நகரங்களில் அப்படியே நடந்தது. ஆனால் வயல்வெளிகளில், ஓசோன் உருவாகத் தேவையானவற்றுள் நைட்ரஜன் ஆக்சைடே பெரும்பாலும் பற்றாக்குறைப் பொருள் என்பதால், அதைக் குறைத்தால் ஓசோனும் குறையும். நகரத்துக்கு உகந்த உத்தியும் வயலுக்கு உகந்த உத்தியும் ஒன்றாக இல்லாததால், நைட்ரஜன் ஆக்சைடையும் ஆவியாகும் கரிமச் சேர்மங்களையும் சேர்த்தே குறைக்க வேண்டியிருக்கிறது.

மீத்தேனில் இந்தக் குழப்பம் இல்லை. அது காற்றில் ஏறத்தாழ 10 ஆண்டுகள் தங்கி உலகம் முழுவதும் பரவுவதால், எங்கே குறைத்தாலும் எல்லா இடத்திலும் அடிப்படை ஓசோன் மட்டம் கொஞ்சம் இறங்கும். எண்ணெய்க் கிணறுகள், நிலக்கரிச் சுரங்கங்கள், குப்பைக் கிடங்குகள், கால்நடைகள் ஆகியவற்றோடு, நீர் தேங்கி நிற்கும் நெல் வயலும் மீத்தேனின் மூலங்களில் ஒன்று. நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் அந்த மீத்தேன் கணிசமாகக் குறைகிறது. நீரைச் சேமிக்கத்தான் அந்த முறை பரிந்துரைக்கப்படுகிறது. அதனால் குறையும் ஓசோனின் பலன், எங்கோ ஒரு கோதுமை வயலுக்கும் சிறு அளவில் போய்ச் சேரும்.